கனவான் இடுப்பில் ரிவால்வர்: யாரைப் பயமுறுத்த?

நடவுக் கூலி பேசுவதற்காக வல்லத்திராக்கோட்டைப் பக்கம் போயிருந்தோம். விவசாயத் தொழிலாளர் தரப்பில் பதினைந்து பேர். அதில் ஒன்பது பேர் பெண்கள். நிலக்காரர் தரப்பில் நாலு பேர். வேப்பமரத்தடியில் ஒரு மேஜையும் சில நாற்காலிகளும் போட்டிருந்தார்கள். கூலிக்காரர்களுக்கு வழக்கம்போலத் தரைதான்.

பேச்சு ஆரம்பிக்கும் முன்பே, நிலக்காரர்களில் பெரிய புள்ளி இடுப்பிலிருந்த தோல் உறையை அவிழ்த்தார். உள்ளே இருந்த ரிவால்வரை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"உட்கார இடைஞ்சலா இருக்கு, அதான். லைசென்ஸ் உள்ள சாமான். யாரும் பயப்பட வேண்டாம்" என்றார்.

பயப்பட வேண்டாம் என்று சொல்வதற்காகவா ஒருவர் துப்பாக்கியை எடுத்து மேஜைமேல் வைப்பார்? பதினைந்து பேரும் அதைப் பார்த்தார்கள். அதற்கு முந்தின நாள் சங்கக் கூட்டத்தில் "இத்தனை ரூபாய்க்குக் குறைந்தால் வயலில் இறங்க மாட்டோம்" என்று உரக்கப் பேசியவர்களின் குரல் கம்மிப் போயிற்று.

கனவானோ கூலியைப் பற்றிப் பேசவில்லை. கால் மணி நேரம் ரிவால்வரைப் பற்றிப் பேசினார். இது கான்பூரில் செய்தது, பாயிண்ட் 32 தானாம். அமெரிக்காவில் பாயிண்ட் 44 என்று ஒன்று இருக்கிறதாம், அதுவல்லவோ ரிவால்வராம்! அங்கே விசையை அரம் போட்டு, மெருகேற்றி, விரல் பட்டாலே வெடிக்கும்படி பக்குவம் செய்து கொடுக்கிறார்களாம். கைப்பிடிக்கு உசத்தியான மரம் போடுகிறார்களாம். "இது ஒரு கலை. நம்ம ஊர்ச் சட்டம் ரசனை இல்லாத சட்டம்" என்று பெருமூச்சு விட்டார்.

இந்த ஆசாமியின் பெயர் நமக்கு வேண்டாம். இவர் ஒருவர் அல்ல. திருச்சியிலும் கோவையிலும் மில் ஆபீஸ் அறைகளிலும் இதே பேச்சைப் பேசும் கனவான்கள் இருக்கிறார்கள். ஆகையால் அவர்களுடைய வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம். அவை மூன்றுதான். ஒன்று, தற்காப்பு. இரண்டு, உரிமை. மூன்று, கலை.

தற்காப்பு யாருக்கு?

"நாடு கெட்டுக் கிடக்கிறது. நாலு காசு வைத்திருப்பவன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டாமா?" என்று கேட்கிறார்கள்.

ஆபத்து யாருக்கு அதிகம் என்று முதலில் கேட்போம். இரவு ஷிப்டு முடிந்து விளக்கில்லாத ரோட்டில் நடந்து வரும் மில் பெண்ணுக்கு ஆபத்து இல்லையா? சேரியிலிருந்து விடியுமுன் புறப்பட்டுப் பிறர் வயலுக்குப் போகும் தாய்க்கு ஆபத்து இல்லையா? கந்துவட்டிக்காரன் வாசலில் வந்து நிற்கும் குடும்பத்துக்கு ஆபத்து இல்லையா? இவர்களில் யாருடைய இடுப்பிலும் ரிவால்வர் இல்லை. மதில் சுவரும் காவல் நாயும் காரும் உள்ள வீட்டில்தான் அது இருக்கிறது.

டெல்லியில் 2012 டிசம்பரில் நடந்த கொடுமை நினைவிருக்கும். சினிமா பார்த்துவிட்டு இரவு வீடு திரும்ப ஒரு பெண் பஸ்ஸுக்குக் காத்திருந்தாள். வந்தது ஒரு தனியார் பஸ். அதில் நேர்ந்த கதியை நாடே அறியும். அவளுடைய தகப்பனார் விமான நிலையத்தில் சுமை ஏற்றும் தொழிலாளி. மகளின் படிப்புக்காக நிலத்தை விற்றவர்.

இதற்கு சர்க்கார் தொழிற்சாலை கண்டுபிடித்த பரிகாரம் என்ன? 2014 ஜனவரியில் கான்பூர் பீரங்கித் தொழிற்சாலை பெண்களுக்கென்று ஒரு ரிவால்வரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இறந்த பெண்ணுக்குப் பத்திரிகைகள் வைத்த பெயரை நினைவூட்டும்படி, 'நிர்பீக்' என்று அதற்குப் பெயர். பயமற்றது என்று அர்த்தம். எடை அரைக் கிலோ. விலை 1,22,360 ரூபாய்!

கணக்குப் போடுங்கள், தோழர்களே! அந்த வருஷம் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைத் திட்டத்தின் கூலி நாள் ஒன்றுக்கு 167 ரூபாய். ஒரு பைசா செலவழிக்காமல், சோறு தின்னாமல், 733 நாள் மண் வெட்டினால் அந்தத் துப்பாக்கி ஒன்று கிடைக்கும். வருஷத்துக்கு நூறு நாள் வேலை என்றால் ஏழு வருஷத்துக்கு மேல் வாய் கட்டி வயிறு கட்டிச் சேர்க்க வேண்டும். அதுவரை ஆபத்து காத்திருக்குமா?

அந்தப் பெண்ணுக்குத் தேவையாயிருந்தது சர்க்கார் பஸ். இரவில் ஓடும் பஸ், விளக்கு எரியும் ரோடு, ரோந்து வரும் போலீஸ். இவை எல்லாருக்கும் பொதுவானவை. சுமை தூக்கியின் மகளுக்கும் கிடைக்கும். அதனால்தான் அவற்றைக் கேட்டால் பணமில்லை என்கிறார்கள். பணமுள்ளவள் தனியாக வாங்கிக்கொள்ளும் பாதுகாப்பு என்றால் உடனே கடைக்கு வந்துவிடுகிறது.

"பயிற்சி உள்ளவன் கையில் இருந்தால் துப்பாக்கியால் தீங்கில்லை" என்று இன்னொரு சமாதானம். நம் புதுக்கோட்டை மாவட்டத்து ஜனங்களுக்கு இதைச் சொல்ல வேண்டாம். 2021 டிசம்பர் 30-ந் தேதி நார்த்தாமலைப் பக்கம், பசுமலைப்பட்டி சுடுதளத்தில் பயிற்சி நடந்தது. பயிற்சி எடுத்தவர்கள் சர்க்கார் படையினர். இடம் அதற்கென்றே ஒதுக்கிய இடம். ஆனாலும் அங்கிருந்து தூரத்தில், தாத்தா வீட்டில் இருந்த பதினோரு வயதுச் சிறுவனின் தலையில் குண்டு பாய்ந்தது. 2022 ஜனவரி 3-ந் தேதி அவன் இறந்தான். சீருடை, கட்டளை, மேற்பார்வை எல்லாம் இருந்த இடத்திலேயே இந்தக் கதி. சாராயம் குடித்துவிட்டுக் கல்யாண வீட்டில் வானத்தைப் பார்த்துச் சுடும் கனவானின் கையை எப்படி நம்புவது? அப்படிச் சுடுவதற்கு இரண்டு வருஷம் வரை சிறை என்று 2019-ல் தனியாகச் சட்டமே எழுத வேண்டி வந்ததே, ஏன்?

உரிமையின் சரித்திரம்

அடுத்தது உரிமை. "ஆயுதம் வைத்திருப்பது குடிமகனின் உரிமை. வெள்ளைக்காரன் பறித்ததை நாம் திரும்பப் பெற வேண்டும்" என்று தேசபக்தி பேசுகிறார்கள்.

வெள்ளைக்காரன் பறித்தது உண்மை. 1878-ல் லிட்டன் பிரபு ஆயுதச் சட்டம் கொண்டுவந்தான். அதே 1878-ல்தான் சுதேச பாஷைப் பத்திரிகைகளின் வாயை அடைக்கும் சட்டத்தையும் கொண்டுவந்தான். ஜனங்களின் கையில் ஆயுதமும் கூடாது, வாயில் வார்த்தையும் கூடாது! ஆனால் ஆயுதச் சட்டம் எல்லாரையும் கட்டியதா? இல்லை. ஐரோப்பியர்களுக்கு விலக்கு இருந்தது. ராஜாக்களுக்கு விலக்கு இருந்தது. வெள்ளைக்காரனுக்கு வேண்டியவர்களுக்கு லைசென்ஸ் கிடைத்தது. இன்று பறிபோனதாக அழும் கூட்டத்தின் பாட்டன்மார் பலர் அன்று சலுகை வரிசையில் நின்றவர்கள். பறிகொடுத்தவன் நம்முடைய பாட்டன். காட்டுப்பன்றியிடமிருந்து கடலையைக் காப்பாற்ற முடியாமல் தகரத்தைத் தட்டிக்கொண்டு இரவெல்லாம் விழித்தவன்.

1948 மார்ச் 3-ந் தேதி புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது. பழைய சட்டம் அதற்குப் பிறகும் பதினாலு வருஷத்துக்கு மேல் உயிரோடு இருந்தது. 1959-ல் புதிய ஆயுதச் சட்டம் வந்தது; 1962 அக்டோபர் முதல் தேதி அமலாயிற்று.

இந்தச் சட்டத்தின் 14-வது பிரிவில் ஒரு வேடிக்கை இருக்கிறது. போதிய சொத்து இல்லை என்ற காரணத்துக்காக மட்டும் ஒருவருக்கு லைசென்ஸை மறுக்கக் கூடாது என்று அது சொல்லுகிறது. ஆஹா, என்ன சமத்துவம்! கூலிக்காரனும் மில் முதலாளியும் சட்டத்தின் முன் ஒன்று. ஆனால் கடையில் சமமில்லை. உயிருக்கு ஆபத்து என்று மெய்ப்பிப்பதிலும் சமமில்லை. பண்ணையார் "கூலியாட்கள் மிரட்டுகிறார்கள்" என்று எழுதிக் கொடுத்தால் அது ஆபத்து. கூலியாள் "பண்ணையார் மிரட்டுகிறார்" என்று எழுதிக் கொடுத்தால் அது தகராறு!

2019-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். ஒருவர் மூன்று துப்பாக்கி வைத்திருக்கலாம் என்றிருந்தது. ஒன்று போதும் என்று மசோதா வந்தது. எதிர்ப்புக் கிளம்பியதும் இரண்டாக்கிவிட்டார்கள். அதே திருத்தத்தில், லைசென்ஸ் இல்லாமல் சாதாரணத் துப்பாக்கி வைத்திருப்பவனுக்குத் தண்டனையை ஏற்றினார்கள். குறைந்தது ஒரு வருஷம் என்பது இரண்டு வருஷமாயிற்று. அதிகபட்சம் ஐந்து வருஷம். முயல் அடிக்க நாட்டுத் துப்பாக்கி வைத்திருக்கும் ஏழைக்குச் சிறை. இரண்டு ரிவால்வர் வைத்திருக்கும் கனவானுக்கு ஐந்து வருஷ லைசென்ஸ். ஏழை சட்டத்தை மீறலாம் என்று நாம் வாதாடவில்லை. துலாக்கோலின் தட்டு எந்தப் பக்கம் தாழ்கிறது என்று காட்டுகிறோம்.

கான்பூர் ரிவால்வர் ஏன் பாயிண்ட் 32 என்பதற்கும் காரணம் இருக்கிறது. ராணுவமும் போலீசும் உபயோகித்த தோட்டாக்கள் பாயிண்ட் 380, பாயிண்ட் 455, 9 மில்லிமீட்டர் ஆகியவை. அவற்றைச் சுடக்கூடிய கைத்துப்பாக்கிகளைத் தடை செய்யப்பட்ட வகையில் சட்டம் வைத்திருக்கிறது. அந்தத் தோட்டா ஜனங்கள் கைக்குப் போகக் கூடாது என்ற அச்சம் வெள்ளைக்காரன் காலத்துச் சொத்து. ஆகவே கனவானுக்கு எட்டு மில்லிமீட்டர் கனமுள்ள சிறு குண்டுதான் சுலபமாகக் கிடைக்கிறது. அதற்காகத்தான் அவர் பெருமூச்சு விட்டார். அந்தச் சிறு குண்டும் மனிதனைக் கொல்லப் போதுமானது என்பது அவருக்குக் குறையாகத் தெரியவில்லை.

அரம் பிடித்த கை

இனி மூன்றாவது வாதம், கலை.

ரிவால்வர் என்பது என்ன? ஒரு உருளை, அதில் ஐந்து அல்லது ஆறு தோட்டாக்களுக்கு அறை. விசையை இழுத்தால் உருளை ஒரு அறை சுழலும், சுத்தி பின்னால் போய்த் திரும்ப விழும், தோட்டா வெடிக்கும். இத்தனை உறுப்பும் ஒன்றோடொன்று பிசகாமல் பொருந்த வேண்டும். பிட்டர் வேலை தெரிந்த மில் தோழர்களுக்கு இதை விளக்க வேண்டாம். ஒரு மயிரிழை கூடினாலும் குறைந்தாலும் யந்திரம் முரண்டு பிடிக்கும். இதில் கலை இருக்கிறது. ஆனால் அது யாருடைய கலை?

அமெரிக்காவில் கோல்ட் கம்பெனி 1955-ல் 'பைதான்' என்ற ரிவால்வரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. விசையின் வழுவழுப்புக்காக உலகமெல்லாம் பேர் வாங்கியது. அந்த வழுவழுப்பு எங்கிருந்து வந்தது? ஹார்ட்போர்டு நகரத்துத் தொழிற்சாலையில், தேர்ந்த தொழிலாளிகள் உட்கார்ந்து ஒவ்வொரு உறுப்பாகக் கையால் ராவிப் பொருத்தியதிலிருந்து வந்தது.

கோல்ட் தொழிலாளிகளுக்கு என்ன நடந்தது என்று கனவான் சொல்ல மாட்டார். நாம் சொல்லுகிறோம். 1986 ஜனவரியில் அந்தத் தொழிலாளிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஏறத்தாழ ஆயிரம் பேர். கம்பெனி கருங்காலிகளை வைத்து வேலை நடத்தியது. ஒரு மாதமா, இரண்டு மாதமா? நாலு வருஷம்! பனியிலும் மழையிலும் கேட் வாசலில் நின்றார்கள். 1988-ல் ராணுவத்தின் துப்பாக்கி ஆர்டரே வேறு கம்பெனிக்குப் போய்விட்டது. 1990-ல்தான் தொழிலாளிகள் வென்று உள்ளே போனார்கள்.

யோசித்துப் பாருங்கள். உலகத்திலேயே உசத்தியான ரிவால்வரைக் கையால் செய்தவர்கள் அவர்கள். துப்பாக்கி கையில் இருப்பதுதான் பலம் என்றால், அவர்களைவிடப் பலசாலி யார்? அவர்களைக் காப்பாற்றியது அவர்கள் செய்த ரிவால்வரா? இல்லை. நாலு வருஷம் கலையாமல் நின்ற யூனியன் காப்பாற்றியது.

கனவான் உருகிய பாயிண்ட் 44 ரிவால்வரை 1955-ன் கடைசியில் செய்து வெளியிட்டது ஸ்மித் அண்ட் வெஸன் கம்பெனி. ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக ஸ்பிரிங்பீல்டு நகரத்தில் இருந்த கம்பெனி அது. அந்த மாகாணத்தில் சில வகைத் துப்பாக்கிகளைத் தயாரிக்கவே தடை போட மசோதா வந்தது. உடனே 2021-ல் தலைமை ஆபீசையும் நூற்றுக்கணக்கான வேலைகளையும் டென்னஸி மாகாணத்துக்கு மாற்றுவதாக அறிவித்துவிட்டது. தலைமுறை தலைமுறையாக அந்த ஊரில் வேலை பார்த்தவர்களின் கதி என்ன என்பது முதலாளிக்கு இரண்டாம் பட்சம். கோவையில் மில்லை மூடிவிட்டு நிலத்தை மனையாக்கி விற்ற கதையைக் கண்ட நமக்கு இது புதிதல்ல.

அமெரிக்கா தூரம் என்றால் இங்கேயே பாருங்கள். கான்பூர் ரிவால்வரைச் செய்பவர்கள் சர்க்கார் ஆயுதத் தொழிற்சாலைத் தொழிலாளர்கள். நமக்குப் பக்கத்தில் திருச்சியிலும் அப்படி ஒரு துப்பாக்கித் தொழிற்சாலை இருக்கிறது. இப்படி 41 தொழிற்சாலைகள். இவற்றைக் கம்பெனிகளாக்கக் கூடாது என்று தொழிலாளர் சம்மேளனங்கள் 2021 ஜூலையில் காலவரையற்ற வேலைநிறுத்தம் அறிவித்தன. மத்திய சர்க்கார் ஜூன் 30-ந் தேதியே அவசரச் சட்டம் கொண்டுவந்தது. வேலைநிறுத்தம் செய்தால் ஒரு வருஷம் சிறை, அல்லது பத்தாயிரம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்! அக்டோபர் முதல் தேதி 41 தொழிற்சாலைகளையும் ஏழு கம்பெனிகளாகப் பிரித்துவிட்டார்கள்.

ரிவால்வரை வைத்திருப்பவனுக்கு உரிமை. ரிவால்வரைச் செய்பவனுக்கு, கையைக் கட்டிக்கொண்டு வெளியே நிற்கும் உரிமைகூட அன்று இல்லாமல் போயிற்று. இதுதான் கனவான் பேசும் உரிமையின் யோக்கியதை.

விசையை இலேசாக்கும் பித்து வேறு இருக்கிறதே, அதையும் பார்ப்போம். நியூயார்க் நகரப் போலீஸ் பல வருஷ காலம் தன் கைத்துப்பாக்கிகளின் விசையை வேண்டுமென்றே கனமாக்கி வைத்திருந்தது. கம்பெனி கொடுப்பது ஐந்தரை பவுண்டு இழுவை. போலீஸ் அதை 12 பவுண்டு ஆக்கியது. பதற்றத்தில் விரல் பட்டுத் தற்செயலாக வெடித்துவிடக் கூடாது என்பது காரணம். சுடுவதே தொழிலாக உள்ளவர்கள் விசையைக் கனமாக்குகிறார்கள். கூலி பேச வரும் கனவானுக்கோ இலேசான விசை வேண்டுமாம்! கோபத்துக்கும் குண்டுக்கும் நடுவே யோசிக்க இருக்கும் நேரத்தை அரம் போட்டுக் குறைப்பதற்குப் பெயர் கலையா? மேலும், லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கியைப் பழுது பார்ப்பதையோ மாற்றி அமைப்பதையோ தொழிலாகச் செய்யச் சட்டத்தின் 5-வது பிரிவு இடம் தரவில்லை.

வெண்மணியை மறந்தோமா?

"சும்மா மேஜைமேல் வைத்ததற்கு இத்தனை ஆர்ப்பாட்டமா?" என்று கேட்கலாம். மேஜைமேல் இருப்பது ஒருநாள் எங்கே போகும் என்று நமக்குத் தெரியும்.

1968 டிசம்பர் 25-ந் தேதி இரவு, பழைய தஞ்சை ஜில்லா, கீழவெண்மணி. விவசாயத் தொழிலாளர்கள் கேட்டது கொஞ்சம் கூடுதல் நெல் கூலி. கைவிட மறுத்தது செங்கொடி. மிராசுதார்களுக்கு நெல் உற்பத்தியாளர் சங்கம் இருக்கலாம். கூலிக்காரர்களுக்குச் சங்கம் கூடாது. இதுதான் தகராறின் வேர். அந்த இரவு அடியாட்களோடு வந்தவர்களிடம் துப்பாக்கிகள் இருந்தன. சுட்டார்கள். குண்டுக்குத் தப்பிய பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும் ஒரு குடிசைக்குள் ஒதுங்கினார்கள். குடிசையைக் கொளுத்தினார்கள். 44 உயிர்கள் கருகின.

கீழ்க் கோர்ட்டு சிலரைத் தண்டித்தது. உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. இவ்வளவு நிலபுலமும் காரும் உள்ள கனவான்கள் தாங்களே நடந்து போய் நெருப்பு வைத்திருப்பார்கள் என்று நம்புவது கஷ்டம் என்பது அதன் போக்கு. கவனியுங்கள், தோழர்களே! துப்பாக்கி லைசென்ஸ் கேட்கும்போது சொத்து இருப்பது தகுதி. கொலை வழக்கில் நிற்கும்போதும் சொத்து இருப்பது தகுதி.

இதைச் சொல்லும்போது நம் வாலிபத் தோழர்கள் சிலருக்கு ரத்தம் கொதிக்கும். அன்று வேப்பமரத்தடியிலிருந்து திரும்பும் வழியில் ஒரு தம்பி கேட்டான்: "அண்ணே, நம்மகிட்டயும் ஒண்ணு இருந்தா அந்த ஆளு அப்படி வெப்பாரா?"

அவனுக்குச் சொன்ன பதிலையே இங்கும் சொல்லுகிறோம். தம்பி, உன்னிடம் ஒன்று இருந்தால் அன்று இரவே உன் வீட்டு வாசலில் ஜீப் நிற்கும். இரண்டிலிருந்து ஐந்து வருஷம். சங்கத்தின் பெயரில் பொய் வழக்கு. ஊர் முழுக்கப் போலீஸ் முகாம். நடவு முடியும்வரை பழைய கூலி. பண்ணையார் இதற்காகத்தான் காத்திருக்கிறார். தனி ஆள் கையில் எடுக்கும் ஆயுதம் கூட்டத்தை வீட்டுக்கு அனுப்பிவிடும். நம் பலம் பதினைந்து பேர் ஐம்பதாவதில் இருக்கிறது. ஐம்பது பேர் ஐந்நூறாவதில் இருக்கிறது. நாற்று முடி கையில் இருக்கும்வரைதான் நிலக்காரர் நம்மிடம் பேசுவார். அந்தக் கை ஒன்றாக மடங்கினால் நாற்றங்காலில் நாற்று முற்றும். அதை எந்தக் குண்டாலும் நட முடியாது.

தேர்தலுக்கு ஒரு நீதி, கூலிக்கு ஒரு நீதியா?

இப்போது சர்க்காரிடம் ஒரு கேள்வி கேட்கிறோம்.

தேர்தல் தேதி அறிவித்ததும் மாவட்ட நிர்வாகம் என்ன உத்தரவு போடுகிறது? லைசென்ஸ் துப்பாக்கிகளைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும் என்கிறது. பாங்குக் காவல் போன்ற சிலருக்குத்தான் விலக்கு. ஏன் ஒப்படைக்கச் சொல்கிறார்கள்? துப்பாக்கி ஊரில் நடமாடினால் ஏழை பயமில்லாமல் ஓட்டுப் போட முடியாது என்று சர்க்காருக்கே தெரியும். சுட வேண்டியதில்லை, இடுப்பில் இருந்தால் போதும், பயம் வரும் என்பதை இந்த உத்தரவே ஒப்புக்கொள்கிறது.

அப்படியானால், கூலி பேசும் நாளில் மட்டும் அதே துப்பாக்கி சாதுவாகிவிடுகிறதா? ஐந்து வருஷத்துக்கு ஒரு நாள் ஓட்டு. வருஷத்துக்கு வருஷம் வயிறு. ஓட்டுக்குப் பாதுகாப்பு உண்டு, வயிற்றுக்கு இல்லையா?

சட்டத்தில் இடமில்லை என்று அதிகாரிகள் கை விரிக்க முடியாது. 2016-ம் வருஷத்து ஆயுத விதிகளின்படி, பொது இடத்தில் கைத்துப்பாக்கி உறைக்குள் இருக்க வேண்டும். வெளியே எடுத்து ஆட்டிக் காட்டக் கூடாது. ஆயுதச் சட்டத்தின் 17-வது பிரிவின்படி, பொது அமைதிக்கும் பொதுஜனப் பாதுகாப்புக்கும் அவசியம் என்று கண்டால், லைசென்ஸ் கொடுத்த அதிகாரியே அதை நிறுத்தி வைக்கலாம், ரத்தும் செய்யலாம். பிரிவு இருக்கிறது. அதை எடுத்துப் படிக்க வைக்கத்தான் ஜனங்களின் குரல் வேண்டும்.

ஆகையால் நம் கோரிக்கைகள் இவை:

கூலித் தகராறு நடக்கும் கிராமங்களிலும் வேலைநிறுத்தம் நடக்கும் மில் பகுதிகளிலும், தேர்தல் காலத்தைப் போலவே, தனியார் லைசென்ஸ் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைக்க உத்தரவிட வேண்டும்.

தொழிலாளர்களை ஆயுதம் காட்டி மிரட்டியதாகப் புகார் உள்ளவர்களின் லைசென்ஸை 17-வது பிரிவின் கீழ் நிறுத்தி வைத்துக் கலெக்டர் விசாரிக்க வேண்டும்.

இரவு ஷிப்டுப் பெண்களுக்குப் பஸ்ஸும், சேரிப் பாதைகளுக்கு விளக்கும் போட வேண்டும். சர்க்கார் கொடுக்க வேண்டிய பாதுகாப்பு இதுவே.

கிராமக் கிளைகள் செய்ய வேண்டிய வேலையும் உண்டு. மிரட்டல் நடந்தால் தேதி, இடம், நேரம், கண்ணால் பார்த்தவர்களின் பெயர் எல்லாவற்றையும் அன்றைக்கே எழுதி வையுங்கள். ஒருவர் பெயரில் மனுக் கொடுக்காதீர்கள். ஊரே கைநாட்டு வைத்துக் கொடுங்கள். கலெக்டர் ஆபீசில் கொடுத்ததற்கு ரசீது வாங்குங்கள். கூலி பேசத் தனியாகப் போகாதீர்கள். பெண்களை முன்னால் உட்கார வையுங்கள்.

பெண்களை என்று ஏன் சொல்கிறோம்? அன்று வேப்பமரத்தடியில் நடந்ததைச் சொல்லி முடிக்கிறோம்.

கனவான் கலையைப் பற்றிப் பேசி முடித்ததும் ஒரு அமைதி. நாமே என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தோம். அப்போது, நாற்பது வருஷமாக அந்த வயல்களில் நாற்று நட்ட ஒரு ஆத்தா தரையிலிருந்து எழுந்தார்.

"ஐயா, நாங்க கூலி பேச வந்தோம். அந்தச் சாமானுகிட்டப் பேச வரலே. அதை எடுத்து உள்ளே வையுங்க. அது இங்கே இருக்கிற மட்டும் நாங்க பேச மாட்டோம், பேசாம நடவும் நடாது" என்றார். சொல்லிவிட்டு மறுபடி உட்கார்ந்துகொண்டார். மற்ற எட்டுப் பெண்களும் "ஆமா" என்றார்கள்.

ஒருவரும் எழுந்து போகவில்லை, ஒருவரும் பேசவுமில்லை. அரை மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தோம். மற்ற மூன்று நிலக்காரர்கள் வாய்க்காலைப் பார்த்தார்கள், வானத்தைப் பார்த்தார்கள். கண்மாய்த் தண்ணீர் இருக்கும்போதே நடவு முடிந்தாக வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும். கடைசியில் அவர்களில் ஒருவர் மெதுவாக, "எடுத்து வெச்சிருங்கண்ணே, வேலை நடக்கட்டும்" என்றார்.

ரிவால்வர் உறைக்குள் போயிற்று. உறை காருக்குள் போயிற்று. அதன் பிறகு கூலியைப் பேசினோம். கேட்டது முழுவதும் கிடைக்கவில்லை. ஒரு பங்கு கிடைத்தது. மிச்சத்துக்கு அடுத்த நடவில் மறுபடி உட்காருவோம். அன்று பதினைந்து பேராக வர மாட்டோம்.